குழந்தையின் சாவும் அகஸ்டினின் தர்க்கமும்

கிறிஸ்தவனுக்கு மரணம் தண்டனை, இந்தியனுக்கு அது இயற்கை. தமிழ் இலக்கியக் கட்டுரைகளில் இந்த எதிரிணையை எத்தனை முறை வாசித்தாயிற்று என்பதற்குக் கணக்கில்லை. தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிப் பேசினாலும் பெர்க்மனின் திரைப்படத்தைப் பற்றிப் பேசினாலும் இரண்டாம் பத்திக்குள் அது வந்து அமர்ந்துகொள்கிறது. ஆதாம் கனியைத் தின்றான், அதனால் நாம் சாகிறோம். ஆகவே மேற்கின் கலை முழுவதும் குற்றவுணர்வின் கலை. இதற்கு அடுத்த பத்தியில் மறுபிறவியும் ஆன்மாவின் அழிவின்மையும் மயான வைராக்கியமும் வரிசையாக வந்து நம்மை ஆசுவாசப்படுத்தும். வேடிக்கை என்னவென்றால், கல்லறைத் தோட்டத்தில் குழியருகே நின்று பிரசங்கிக்கும் போதகர்களில் பலரும் இதன் முதல் பாதியைத்தான் சொல்கிறார்கள். ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, பாவத்துக்குக் கிடைத்த கூலி இது என்று விளக்கிவிட்டு, பெட்டிக்குள் கிடப்பவரின் மனைவியை நிமிர்ந்து பார்க்கிறார்கள். விமர்சகரும் போதகரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை. ஆனால் இருவரும் பேசுவது ஒரே மனிதரின் குரலில்.

அவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின் (354–430). அவருடைய கருத்து கிறிஸ்தவத்துக்குள் நடந்த ஒரு நீண்ட வழக்கில் ஒரு தரப்பின் வாதம் மட்டுமே. மேற்கில் அந்தத் தரப்பு வென்றது. வென்றதற்கான விலையை இறந்துபோன குழந்தைகள் கொடுத்தார்கள். வென்றவரின் வாதத்தை மதம் முழுவதற்கும் உரியதாக எடுத்துக்கொள்வது பக்தருக்கு வேண்டுமானால் வசதியாக இருக்கலாம், விமர்சகருக்கு அழகல்ல. நான் இறையியல் கற்றவன் அல்லன். ஆனால் மூலநூலைத் திறந்து பார்க்க வாசகனாக இருந்தாலே போதும்.

திறந்து பார்ப்போம். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ணும் நாளிலேயே மனிதன் சாவான் என்று எச்சரிக்கப்படுகிறது. அவன் உண்கிறான். அந்த நாளில் சாகவில்லை. ஐந்தாம் அதிகாரத்தின்படி 930 வருடங்கள் வாழ்கிறான். இந்த முரண் பழைய உரையாசிரியர்களைப் படாதபாடு படுத்தியிருக்கிறது. கடவுளுக்கு ஆயிரம் வருடம் ஒரு நாள், ஆகவே ஆதாம் அதே நாளில்தான் செத்தான் என்று இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின் கணக்குச் சொன்னார். ஆனால் கதையின் ஓட்டத்தைக் கவனித்தால், மனிதன் மண்ணுக்குத் திரும்புவதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் அவன் மண் என்பதே. மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில், ஜீவ விருட்சத்தின் கனியையும் உண்டு என்றென்றைக்கும் உயிரோடிருந்துவிடக் கூடாது என்பதற்காக அவன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான். அப்படியென்றால் அழியாமை அவனுடைய பிறவிக் குணமாக இருந்ததே இல்லை. மரத்தில் தொங்கிய, அவன் கைக்கு எட்டாமல் போன ஒரு வாய்ப்பு அது. 1992இல் ஜேம்ஸ் பார் என்ற விவிலிய அறிஞர் ஏதேன் தோட்டத்தைப் பற்றி எழுதிய நூலின் மையமும் இதுதான். மரணம் எப்படி வந்தது என்று அந்தக் கதை சொல்லவில்லை, இறவாமை எப்படித் தவறிப்போனது என்று சொல்கிறது என்பது அவர் வாதம். கில்காமேஷ் காவியத்தில் பாம்பு விழுங்கிவிட்டுப் போகும் மூலிகையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அதற்குப் பிறகு எபிரேய வேதாகமத்தில் ஆதாமின் பிழையைப் பற்றி ஏறக்குறைய பேச்சே இல்லை. ஆபிரகாம் 175 வயதில் நிறைவாழ்வு வாழ்ந்த கிழவனாகச் செத்துத் தன் முன்னோருடன் சேர்கிறான். அந்தச் சாவில் தண்டனையின் சாயலே கிடையாது. நற்செய்தி நூல்களில் இயேசு ஆதாமின் பெயரை ஒருமுறைகூட உச்சரிப்பதில்லை. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிக்கப்பட்டபின் யூதர்கள் எழுதிய சில நூல்களில்தான் ஆதாமை நோக்கிய புலம்பல் உரக்கக் கேட்கிறது. பெரும் அழிவைக் கண்டவர்கள் அதன் வேரைத் தேடுவது இயல்பு. அவற்றுள் எஸ்றாவின் பெயரால் வழங்கும் நூல் ஆதாமிடம் நீ என்ன செய்துவிட்டாய் என்று கதறுகிறது. அதே காலத்து பாரூக்கின் பெயரிலான நூலோ, நம்மில் ஒவ்வொருவனும் தன் ஆதாமாகத் தானே இருக்கிறான் என்கிறது. ஒரே துயரத்திலிருந்து இரண்டு விடைகள்.

இவர்களுக்குச் சற்று முந்தியவர் பவுல். ரோமர் 5:12இல் ஒரு மனிதனால் பாவமும் பாவத்தால் மரணமும் நுழைந்ததைச் சொல்லும் அவர், வாக்கியத்தின் முடிவில் 'எஃப் ஹோ' என்ற கிரேக்கத் தொடரைப் போடுகிறார். எல்லாரும் பாவம் செய்த காரணத்தால் என்பதே அதன் இயல்பான பொருள் என்று பெரும்பாலான இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் கொள்கிறார்கள். லத்தீனில் அது 'இன் குவோ' என்று ஆயிற்று. அதை 'அவனுக்குள்' என்றும் வாசிக்கலாம். நான்காம் நூற்றாண்டில், பிற்காலத்தவர் அம்ப்ரோசியாஸ்டர் என்று பெயரிட்ட ஓர் அடையாளம் தெரியாத உரையாசிரியர் அப்படித்தான் வாசித்தார்: எல்லா மனிதரும் ஆதாமுக்குள் ஒரே பிண்டமாக இருந்து பாவம் செய்தார்கள். அகஸ்டின் அவரை ஹிலாரி என்று எண்ணிக்கொண்டு மேற்கோள் காட்டினார். சிறுவயதில் கிரேக்கம் தனக்கு வேம்பாகக் கசந்ததை ஒப்புக்கொண்டவர் அவர். இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் சரி, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் சரி, இந்த வசனம் காரணப் பொருளில்தான் இருக்கிறது. தமிழ்ப் போதகரின் கையிலுள்ள புத்தகத்தில் அகஸ்டினின் வாசிப்பு இல்லை. அவருடைய பிரசங்கத்தில் மட்டும் இருக்கிறது.

ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து ஒரு கோட்பாடு பிறந்தது என்பது இலக்கியக்காரர்களுக்குப் பிடித்தமான கதை. நான் அதை முழுக்க நம்பவில்லை. இந்த வசனம் இல்லாவிட்டாலும் அகஸ்டின் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருப்பார். அவரை அங்கே கொண்டுபோனது வேறொன்று: குழந்தைகளின் சாவு. அவர் தர்க்கம் இப்படிப் போகிறது. பச்சைக் குழந்தைகள் துன்புறுகின்றன, சாகின்றன. கடவுள் நீதியுள்ளவர். நீதியுள்ள கடவுளின் ஆட்சியில் குற்றமற்றவர் துன்புற முடியாது. ஆகவே குழந்தைகள் குற்றமற்றவர்கள் அல்லர். அவர்களாகச் செய்த குற்றம் எதுவும் இல்லையாதலால் அது பிறப்போடு வந்த குற்றமாகவே இருக்க வேண்டும். வாதத்தின் ஒவ்வொரு படியும் உறுதியாக இருக்கிறது; ஆனால் மேலே போய் நின்று பார்த்தால் கீழே தெரிவது தொட்டில். மரணத்துக்குக் காரணம் பாவம் என்று தொடங்கியவர், மரணத்தைப் பாவத்தின் சாட்சியாக்கி முடிக்கிறார். பிணமே குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

இதை அவர் குரூரமாகச் சொன்னார் என்று எழுதுவது அநியாயம். 415இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகளின் துன்பத்தை எண்ணும்போது தனக்கு வழி தெரியாமல் போவதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தன் ஒரே மகனைப் பதின்பருவத்தில் இழந்தவர் அவர். ஆனாலும் கடவுளின் நீதியா குழந்தையின் மாசின்மையா என்ற கேள்வி வந்தபோது இரண்டாவதைக் கைவிட்டார். தென் இத்தாலியின் எக்லானம் ஊர் ஆயர் ஜூலியன் இதைத்தான் விடாமல் எதிர்த்தார். பிறந்த குழந்தையைத் தண்டிக்கும் கடவுளை நீதிமான் என்று எந்த மொழியில் அழைப்பீர்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். மரணம் படைப்பின் இயல்பு, பாவம் மனித விருப்பத்தின் செயல், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்றார். ஜூலியனுக்கு முன்பே பெலாகியுஸும் அவருடைய தோழர் கெலெஸ்தியுஸும் இந்த வழக்கில் மாட்டியிருந்தார்கள். ஆதாம் பாவம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் செத்திருப்பான் என்று கற்பித்ததாகவே கெலெஸ்தியுஸ் மீது முதல் குற்றச்சாட்டு.

வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 418 ஏப்ரல் 30 அன்று பேரரசர் ஹொனோரியுஸ் பெலாகியுஸையும் கெலெஸ்தியுஸையும் நாடுகடத்த ஆணையிட்டார். மறுநாள் கார்த்தேஜில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். ஆதாம் இயல்பிலேயே சாகக்கூடியவனாகப் படைக்கப்பட்டான் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்பது அவர்கள் இயற்றிய முதல் விதி. சில கையெழுத்துப் படிகளில் இன்னொரு விதியும் இருக்கிறது: ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கென்று விண்ணரசிலோ வேறெங்கோ நடுவான இன்ப இடம் ஏதும் கிடையாது. (ஆப்பிரிக்க ஆயர்கள் அரசவை அதிகாரிகளுக்கு எண்பது குதிரைகளை அன்பளிப்பாகக் கொண்டுபோனார்கள் என்று ஜூலியன் பின்னாளில் குற்றம் சாட்டினார். அகஸ்டின் மறுத்தார். உண்மை நமக்குத் தெரியப்போவதில்லை, குதிரைகள் மட்டும் மறக்க மாட்டேன் என்கின்றன.) அகஸ்டின் 430இல், வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது இறந்தார். ஜூலியனுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த மறுப்பு அப்போதும் முடியவில்லை.

இனி விலைக்கு வருவோம். கோட்பாட்டுச் சண்டைகள் நூலகத்தோடு முடிந்துவிடுகின்றன என்று நினைப்பவர்கள் புதைகுழிகளைப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு நரகத்தின் மிக மெல்லிய தண்டனை என்று அகஸ்டின் தணித்துச் சொன்னார். 1201இல் மூன்றாம் இன்னசென்ட் பாப்பரசர், பிறவிப் பாவத்துக்குக் கடவுளின் தரிசனம் மறுக்கப்படுவதே தண்டனை, வதை இல்லை என்றார். இறையியலாளர்கள் நரகத்தின் விளிம்பில் அக்குழந்தைகளுக்கு ஓர் இடத்தை ஒதுக்கி, விளிம்பு என்று பொருள்படும் லிம்போ என்ற பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தாந்தே தன் நான்காம் காண்டத்தில் அங்கே அழுகையைக் கேட்கவில்லை, பெருமூச்சுகளை மட்டும் கேட்டார். கவிஞனின் கருணை அவ்வளவுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது.

தாய்மார்களுக்கு விளிம்பு போதவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பூரன் என்ற இடத்தில் மரியாளின் திருத்தலம் ஒன்று இருந்தது. செத்துப் பிறந்த குழந்தைகளைத் தொலைதூரத்திலிருந்து அங்கே எடுத்துவந்தார்கள். கனன்றெரியும் கரிக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் இடையே உடலை வைத்துச் சூடேற்றி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். வெப்பக் காற்றில் இறகு அசைந்தால் குழந்தை மூச்சுவிட்டது என்று பொருள். உடனே ஞானஸ்நானம் கொடுத்து அங்கேயே புதைத்துவிடுவார்கள். கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486இல் ரோமுக்கு இதைப் புகாராக எழுதினார். பின்னர் சீர்திருத்தவாதிகள் தலத்தை இடித்தார்கள். 1990களில் அகழ்வாய்வு செய்தபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இறகு கார்த்தேஜின் விதிக்கு எதிராக வைக்கப்பட்ட மேல்முறையீடு.

அயர்லாந்தில் அந்த இறகுகூடக் கிடையாது. அங்கே கில்லீன் என்று அழைக்கப்படும் புதைநிலங்கள் ஆயிரத்துக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட மண்கோட்டைகள், வயல் எல்லைகள், கடலோர மேடுகள் ஆகியவற்றில் ஞானஸ்நானம் பெறாத சிசுக்களைப் புதைத்தார்கள். பெரும்பாலும் இரவில், தந்தையோ மாமனோ தனியாகக் கொண்டுபோய், பெயரில்லாத கல் ஒன்றை நட்டுவிட்டு வருவார். இது இடைக்காலக் கதை அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நடந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயர் அனுமதிக்கலாம் என்றது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் எத்தனை தாய்மார்கள், குழந்தை புதைக்கப்பட்ட இடத்தைக் கேட்கக்கூட முடியாமல் வாழ்ந்து முடித்தார்கள்.

இதுதான் கிறிஸ்தவத்தின் ஒரே குரல் என்றால் நமது விமர்சகர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அகஸ்டினுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே லியோனின் ஆயர் இரனேயுஸ் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்: ஜீவ விருட்சத்திலிருந்து மனிதனைக் கடவுள் விலக்கியது பொறாமையால் அன்று, இரக்கத்தால், இல்லாவிட்டால் அவனுடைய பாவமும் அவனோடு சேர்ந்து சாகாமல் நிலைத்துவிடும். அத்தனாசியுஸ், இன்மையிலிருந்து படைக்கப்பட்டதால் மனிதன் இயல்பிலேயே அழியக்கூடியவன், அருள் மட்டுமே அவனைத் தாங்கியது என்றார். நீசாவின் கிரிகோரி தரும் உவமை எனக்கு மிகவும் பிடித்தது: மண்பாத்திரத்துக்குள் யாரோ ஈயத்தை உருக்கி ஊற்றிவிட்டார்கள், குயவன் பாத்திரத்தை உடைத்து ஈயத்தை அகற்றி அதே மண்ணால் மீண்டும் வனைகிறான். மரணம் இங்கே குயவனின் கை. சிரியாக் மொழிக் கவிஞர் எப்ரேம் (இறப்பு 373) மரணத்தையும் சாத்தானையும் எதிரெதிரே நிறுத்தி, நம்மில் யார் பெரியவன் என்று சண்டைபோட வைத்தார். பழைய மெசபட்டோமியாவின் வாதுக்கவிதை மரபு அது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் இருக்கும் சிரியன் சபைகள் இந்த மரபின் வாரிசுகள். அவர்களை விட்டுவிட்டு கிறிஸ்தவ மரணம் என்று பேசுகிறோம்.

கிழக்கத்திய மரபிலும் மரணத்துக்கும் ஆதாமுக்கும் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பார்வையில் நமக்கு வந்துசேர்ந்தது சாவு; குற்றம் வரவில்லை. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், மனிதன் பாவம் செய்ததால் சாகிறான் என்பதைவிட, சாவுக்கு அஞ்சியே பாவம் செய்கிறான் என்றார்கள். எபிரேயர் நிருபம் மரண பயத்தை அடிமைத்தனம் என்றழைக்கிறது. பொருள் குவிப்பதும் பிறரை மிதிப்பதும் அந்தப் பயத்திலிருந்தே வருகின்றன என்று வாசித்துப் பாருங்கள். டால்ஸ்டாயின் இவான் இலியிச்சைப் புரிந்துகொள்ள ஆதாமின் கனியைவிட இது எவ்வளவு உதவுகிறது!

லாசருவின் கல்லறை முன் இயேசு அழுகிறார் என்பதை எல்லாரும் அறிவார்கள். மரணம் பிதாவின் நீதியான தீர்ப்பென்றால் அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்? தீர்ப்பு நிறைவேறிய இடத்தில் நீதிபதியின் மகன் ஏன் கலங்கி நிற்கிறார்? பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது மரணத்தை அழிக்கப்பட வேண்டிய கடைசிப் பகைவன் என்கிறார். கடவுளின் காவலாளி கடவுளின் பகைவனாக இருக்க முடியாது. ஆஸ்கர் குல்மன் 1955இல் ஆற்றிய உரையில் சாக்ரடீஸின் அமைதியையும் கெத்செமனேயில் இயேசுவின் நடுக்கத்தையும் அருகருகே வைத்துப் பேசினார். நம் கட்டுரையாளர்கள் கிறிஸ்தவத்தின் தலையில் ஏற்றும் ஆன்மாவின் அழிவின்மை உண்மையில் கிரேக்கச் சரக்கு என்பதும் அந்த உரையில் இருக்கிறது.

வீழ்ச்சியை எடுத்துவிட்டால் மீட்பு எதற்கு என்று போதகர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் மனிதன் மீட்கப்பட வேண்டியவன் என்று நம்புவதற்கு ஒரு சிசுவின் பிணத்தைச் சான்றாகக் காட்டத் தேவையில்லை. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் செத்துக்கொண்டிருந்தன. டைனோசர்கள் எந்தக் கனியையும் திருடவில்லை. ஆதாமின் பாவத்துக்குப் பிறகே சிங்கம் மாமிசம் தின்னத் தொடங்கியது என்ற கருத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அக்வினாஸ் நிராகரித்துவிட்டார். 1958இல் கார்ல் ரானர், பாவம் செய்யாத ஆதாமின் வாழ்வும் ஒரு முடிவை எட்டியிருக்கும், நாம் அறியும் இந்த இருளும் பிய்த்தெறியப்படும் வேதனையும் மட்டும் அதில் இருந்திராது என்று எழுதினார். கத்தோலிக்க வரம்புக்குள் நின்றுகொண்டே இவ்வளவு சொல்ல முடிகிறது.

நம் பக்கத்துக்கும் ஒரு சொல். மரணம் நமக்கு இயற்கை என்று பெருமைப்படுபவர்கள் சிலப்பதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார்கள்? கோவலன் பாண்டியனின் அவசரத்தால் கொலையுண்டது போதாதென்று, முற்பிறப்பில் சங்கமனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்த வினை அவனைத் துரத்திவந்ததாகக் காவியமே சொல்கிறது. ஊனத்தோடு பிறந்த குழந்தையைப் பார்த்து 'போன ஜென்மத்துப் பாவம்' என்று முணுமுணுக்கும் தெருவில்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். துன்பத்திலிருந்து குற்றத்தை ஊகிக்கும் அதே தர்க்கம். ஓரிகன், பிறப்பின் ஏற்றத்தாழ்வுகளை ஆன்மாக்களின் முந்தைய தவறுகளால் விளக்க முயன்றார். அகஸ்டின் அதை மறுத்துவிட்டு ஆதாமிடம் போனார். இடம் மாறியது, கணக்கு மாறவில்லை. அகஸ்டினின் கோட்பாட்டுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் இட்ட பெயர் சென்மப் பாவம். அந்தச் சொல்லைக் கேட்ட தமிழ்க் காது எந்த ஜென்மத்தை நினைத்திருக்கும்?

இந்த வழக்கை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் திறந்தவர் ஓர் இறைமறுப்பாளர். ஆல்பெர் காம்யு 1913இல் பிறந்த மோந்தோவி என்ற சிற்றூர் அகஸ்டினின் ஹிப்போவுக்கு அருகில்தான் இருக்கிறது. 1936இல் அவர் அல்ஜியர்ஸில் எழுதிய ஆய்வேடு அகஸ்டினில் போய் முடிகிறது. 1947இல் வெளியான 'கொள்ளைநோய்' நாவலின் பாதிரியார் பனெலு, அகஸ்டினையும் ஆப்பிரிக்கத் திருச்சபையையும் ஆராய்ந்து பெயர் பெற்றவராகப் படைக்கப்பட்டிருக்கிறார். இதைத் தற்செயல் என்று கடந்துபோகக் கூடாது. நோய் உங்களுக்கு வந்த தண்டனை என்று அவர் முதல் பிரசங்கத்தில் முழங்குகிறார். நீதிபதி ஒத்தோனின் சிறு மகன் அணு அணுவாகச் சாவதைப் படுக்கையருகே இருந்து பார்க்கிறார். இரண்டாவது பிரசங்கத்தில் 'நீங்கள்' என்ற சொல் மறைந்து 'நாம்' வந்துவிடுகிறது. பாரிஸின் தொமினிக்கன் துறவிகள் அழைத்தபோது காம்யு அவர்களிடமே கேட்டார்: என்னை அவநம்பிக்கைவாதி என்கிறீர்கள், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை நரகத்துக்கு அனுப்பியவன் நானா?

அந்தக் கேள்விக்கு ரோமின் பதில் 2007இல் வந்தது. பன்னாட்டு இறையியல் ஆணைக்குழுவின் ஆவணம், பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசரின் அனுமதியோடு வெளியாயிற்று. ஞானஸ்நானமின்றி இறந்த சிசுக்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கக் காரணங்கள் உண்டு, ஆனால் அது உறுதியான அறிவு ஆகாது என்கிறது அது. லிம்போவை மறுக்கவும் இல்லை. இறையியலாளர் கொள்ளத்தக்க ஒரு கருத்தாக அது நீடிக்கலாம் என்று விட்டுவிட்டது. பிறவிப் பாவம் அப்படியே இருக்கிறது. அயர்லாந்தில் இதற்குள் பல ஊர்களில் மக்கள் தாங்களாகவே கில்லீன்களைத் தேடிப் புல்லை வெட்டி வேலியடைத்து, பாதிரியாரை அழைத்துவந்து, அந்த நிலங்களை மந்திரிக்கச் செய்துவிட்டார்கள்.